அமெரிக்க ராகு காலம்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். கீழே ஜனங்கள் குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே மேலே நாங்கள் மூன்று பேர் வெப்சைட் நடத்திக்கொண்டிருந்தோம். தென் மாவட்டங்களுக்குப் போகிற ஆம்னி பஸ்களில் சீட் பிடித்துக் கொடுக்கும் வெப்சைட். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், வீட்டில் உட்கார்ந்தபடியே ஜன்னல் சீட்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது ஊருக்கே புதுசு. எங்களுக்கும் புதுசுதான். அதை வெளியே காட்டிக்கொள்ளமாட்டோம்.

முதலாளி, பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் ஒரு மேஜை, ஒரு பெரிய குடை, ஒரு நீள நோட்டு என்று தொழிலை ஆரம்பித்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும், எந்த டிரைவர் எங்கே டீக்கு நிறுத்துவார் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். கம்ப்யூட்டரை மட்டும் தொடமாட்டார். தொட்டால் கெட்டுப்போகும் என்று நம்பினார். அவர் தொட்டு இரண்டு முறை கெட்டும் இருக்கிறது. அடுத்தவர், நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிற பெண்மணி. பல்லாவரத்துக்காரர், குடும்பமே தோல் வியாபாரம். இவர் மட்டும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு எங்களிடம் வந்து மாட்டிக்கொண்டார். சைட் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. புரோகிராம் எழுதுவது, சர்வரைக் கவனிப்பது, கரண்ட் போனால் யூ.பி.எஸ்ஸைத் திட்டுவது ஆகிய மற்றதெல்லாம் நான்.

புதிதாக எழுதிய புரோகிராமை அமெரிக்காவில் வாடகைக்கு எடுத்திருந்த சர்வருக்கு அனுப்பி, சைட்டில் வரவைப்பதற்கு உலகத்தில் என்னென்னவோ பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆபீஸில் அதற்கு 'ஏத்தறது' என்று பெயர். பஸ் மேலே லக்கேஜ் ஏற்றுகிறார்களே, அதே ஏற்றல்தான். முதலாளி மாடிப்படி ஏறும்போதே குரல் கொடுப்பார்:

"இன்னாய்யா, ஏத்திட்டியா?"

ஏற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மாற்றிய ஃபைல்களை ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். ஒவ்வொன்றாக அனுப்புவேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் அடிப்பேன். பிறகு அக்கா தன் நோட்டைத் திறப்பார். அதில் நூற்றி முப்பத்தொன்பது சோதனைகள் வரிசையாக எழுதியிருக்கும். முதல் சோதனை, தனியாகப் பயணம் செய்கிற பெண்ணுக்குப் பக்கத்து சீட்டை இன்னொரு பெண்ணுக்கு மட்டும்தான் சைட் தருகிறதா என்பது. அது தப்பினால் அன்றைக்கு அக்கா யாரையும் சும்மா விடமாட்டார். மதுரைக்கு ஒரு டிக்கெட் போட்டு, கேன்சல் செய்து, திருச்சிக்கு இரண்டு போட்டு, தேதி மாற்றி என்று நூற்றி முப்பத்தொன்பதாவதுக்கு வரும்போது இரண்டரை மணி நேரம் ஓடியிருக்கும். அதற்குள் எனக்கு ஃபைலில் இன்னொரு தப்பு கண்ணில் பட்டிருக்கும். அக்கா நோட்டை மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்புவார். அப்போது அவர் என்னைப் பார்க்கிற பார்வையை இங்கே எழுத முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், நான் ஏற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. யூ.பி.எஸ் கீச் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கையை விரித்தது. பாதி ஃபைல் புதுசு, பாதி ஃபைல் பழசு. கரண்ட் வருவதற்குள் அந்த அரைகுறை சைட் தன் இஷ்டத்துக்கு டிக்கெட் விற்றிருந்தது. அன்று சாயங்காலம் பெருங்களத்தூரில் ஒரே சீட் நம்பரை வைத்துக்கொண்டு இரண்டிரண்டு பேர் நின்றார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸை நகரவிடாமல் அவர்கள் முதலாளியைச் சூழ்ந்துகொண்டதை நான் பார்க்கவில்லை. சட்டைப் பை கிழிந்து அவர் திரும்பி வந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் அவர் என்னைத் திட்டவில்லை. சுவரில் தொங்கிய தினசரி காலண்டருக்கு நேரே போய் நின்று, "எத்தினி மணிக்கு ஏத்துன?" என்றார்.

"பத்தே முக்காலுக்கு சார்."

"வெள்ளிக்கெழம பத்தரையிலேர்ந்து பன்னெண்டு ராகு காலம். தெரியுமா, தெரியாதா?"

கரண்ட் போனதுதான் காரணம் என்று சொல்ல வாயெடுத்தேன். "கரண்ட் ஏன்யா கரெக்டா அப்ப போவுது?" என்றார். அன்றிலிருந்து சட்டம் வந்தது: ராகு காலத்தில் ஏற்றக் கூடாது. எமகண்டத்தையும் சேர்க்கச் சொன்னார். அதையும் சேர்த்தால் வேலை நேரத்தில் பாதி போய்விடும் என்று கெஞ்சிக் கூத்தாடித் தவிர்த்தேன். குளிகையில் ஏற்றினால் என்ன என்று ஒரு நாள் வம்புக்குக் கேட்டேன். "குளிகைல செஞ்சா அது திரும்பத் திரும்ப நடக்கும். அப்புறம் தெனம் ஏத்திகினே இருப்ப" என்றார். சரி, குளிகையும் கூடாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சொல்லப்போனால் எரிச்சல்தான். ஆனால் சம்பளம் கொடுப்பவர் சொல்கிறார். காலண்டர் பார்க்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அக்காதான் ஆறுதல் சொன்னார். "எங்க வீட்ல யாருக்கும் ராகு காலம்னா என்னன்னே தெரியாது தம்பி. இந்த ஆபீஸ்ல சேர்ந்து எனக்கு ஏழு நாளும் மனப்பாடம்."

எனக்குக் கல்யாணம் ஆனது பாளையங்கோட்டையில். முதலாளி பரிசுப் பொருளோடு வந்தார். கூடவே ஆபீஸ் லேப்டாப்பும் வந்தது. தாலி கட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சைட் விழுந்துவிட்டது, பக்கமே திறக்கவில்லை என்று அக்காவிடமிருந்து போன். மணமகன் அறையில், பட்டு வேட்டியும் நெற்றிப் பொட்டுமாக, கழுத்து மாலையைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு நான் ஏற்றிக்கொண்டிருந்தேன். பந்தியில் என் மனைவி பக்கத்து இலை காலியாக இருக்கச் சாப்பிட்டாள். போட்டோவில் அந்தக் காலி இலை இன்றைக்கும் இருக்கிறது. யார் வீட்டுக்கு வந்தாலும் அவள் முதலில் காட்டுவது அந்தப் போட்டோவைத்தான்.

அதனால் அவள் கர்ப்பமானதும் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"பிரசவ அறைக்குள்ள உங்களை விடமாட்டாங்க, எனக்குத் தெரியும். ஆனா கதவுக்கு வெளியில நிக்கணும். கையில போன் இல்லாம நிக்கணும்."

"கண்டிப்பா" என்றேன்.

"அந்தக் காலி இலைக்கு வர்றதுக்கும் கண்டிப்பாதான் சொன்னீங்க" என்றாள்.

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி பொங்கல் வாரத்தில் விழுந்தது. முதலாளியிடம் போய் லீவு கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "பஸ்காரங்கிட்ட வந்து பொங்கலுக்கு லீவு கேக்குற பாரு, நீ ஆளுதான்யா" என்றார். பிறகு கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்: "நான் வேணாம்னு சொல்லல. நீ இல்லாம அது ஏறும்னா நீ போ. ஒரு வாரம் இல்ல, பத்து நாள் கூட இரு. ஆனா நடுவுல யாரும் கை வெக்கக் கூடாது. ராகு காலமும் அதுவே பாக்கணும். செய்வியா?"

செய்வேன் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் செய்வது என்று அப்போது தெரியாது.

வெளிநாடுகளில் இதையெல்லாம் மெஷினே செய்கிறது என்று இன்டர்நெட்டில் படித்திருந்தேன். பிரவுசரை ஆள் இல்லாமல் ஓட்டுகிற ஒரு மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து அதில் போட்டேன். அக்காவின் நோட்டை வாங்கி, நூற்றி முப்பத்தொன்பது சோதனைகளையும் ஒவ்வொன்றாக அதற்குச் சொல்லிக் கொடுத்தேன். இதனால் தன் வேலைக்கு ஆபத்து வருமோ என்று அக்கா பயப்படுவார் என நினைத்தேன். அவர் சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "மவுஸ் பிடிச்சுப் பிடிச்சு மணிக்கட்டே போச்சு. நீ சீக்கிரம் முடி தம்பி, நான் வேற எதையெல்லாம் சோதிக்கணும்னு இனிமேத்தான் யோசிக்கணும்" என்றார். ரம்ஜான் மாதம் முழுக்க நோன்போடு உட்கார்ந்து என் தப்புகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பசியில் அவருக்கு இரக்கம் குறைந்துவிடும் என்பதை அப்போது தெரிந்துகொண்டேன்.

அந்தப் பழைய கம்ப்யூட்டர் முதல் தடவை தானாக ஓடியதைப் பார்க்க முதலாளி பெருங்களத்தூரிலிருந்து இரண்டு டிரைவர்களைக் கூட்டிவந்தார். திரையில் பக்கங்கள் தாமாகத் திறந்தன, சீட்டுகள் தாமாக நிறம் மாறின, பெயர் தானாக டைப் ஆனது. ஒரு டிரைவர் நாற்காலிக்குப் பின்னால் போய் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். "டிரைவர் இல்லாம ஓடுதே சார்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

ஏற்பாடு இதுதான். நான் எழுதியதை ஓரிடத்தில் சேமித்தால் போதும். மூலையில் இருக்கும் கம்ப்யூட்டர் அதை எடுத்து எல்லாச் சோதனைகளையும் இருபத்தைந்து நிமிஷத்தில் முடிக்கும். ஒன்று தவறினாலும் நின்றுவிடும். எல்லாம் பாஸ் என்றால் அமெரிக்க சர்வருக்கு அனுப்பும். சர்வரில் நான் எழுதி வைத்த ஒரு சின்ன புரோகிராம், அது ராகு காலமா என்று கடைசியாக ஒரு தடவை மணி பார்க்கும். இல்லையென்றால் உடனே ஏற்றும். ராகு காலமென்றால் காத்திருந்து, முடிந்ததும் தானே ஏற்றும். எது நடந்தாலும் எங்கள் மூன்று பேர் செல்போனுக்கும் ஒரு எஸ்.எம்.எஸ். வரும். கிழமைவாரியாக ராகு காலப் பட்டியலை நானே டைப் அடித்தேன். எரிச்சலோடு அடித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பரிலிருந்து நாலு மாதம் அது ஜம்மென்று ஓடியது. சைட் ஒரு தடவைகூட விழவில்லை. தீபாவளி வந்து போனது, யார் சட்டையும் கிழியவில்லை. முதலாளி பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ராகு காலத்தப் பாத்து ஏத்த ஆரமிச்சப்புறம் ஒரு பேஜாரும் இல்ல." சோதனைகள்தான் காரணம் என்று நான் முணுமுணுப்பேன். யார் காதிலும் விழாது. மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றதும் நாங்கள் மூன்று பேருமே காலண்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டோம். தாள் கிழிப்பதுகூட நின்றுபோய், சுவரில் ஏதோ ஒரு அக்டோபர் தேதி நின்றுகொண்டிருந்தது.

அந்த நாலு மாதத்தில் 'ராகு காலம், காத்திருக்கிறேன்' என்ற எஸ்.எம்.எஸ். ஒரு தடவைகூட வந்ததில்லை. அது ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நம்ம நேரம் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

போகிக்கு முந்தின நாள், திங்கட்கிழமை. வழக்கமாகத் திங்கட்கிழமைகளில் எதையும் ஏற்றமாட்டோம். ஊரிலிருந்து திரும்பிய கூட்டத்தின் புகார்களைக் கேட்கவே நேரம் சரியாக இருக்கும். பிரசவத்துக்காகப் பாளையங்கோட்டையில் தாய் வீட்டில் இருந்த மனைவியிடம் போக, எனக்கு அன்று சாயங்காலம் ஏழு மணிக்குப் பெருங்களத்தூரில் திருநெல்வேலி பஸ். பொங்கல் கூட்டத்தில் இந்த சீட்டை விட்டால் வேறு சீட் கிடையாது. நாங்களே டிக்கெட் விற்கிறவர்கள், அது எங்களுக்கு நன்றாகவே தெரியும். ஐந்து மணிக்கு மாமியாரிடமிருந்து போன் வந்தது.

"மாப்ள, வலி வந்துட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீங்க பதறாதீக, தலைப் பிரசவம், நேரமாகும்."

நான் பையைத் தூக்கியபோது அக்காவின் மேஜையில் இன்னொரு போன். பொங்கலுக்கென்று விட்ட ஸ்பெஷல் பஸ்ஸில் கடைசி வரிசையில் ஐந்து சீட். தனியாகப் போகிற ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஆணுக்கு சீட் விழுந்திருந்தது. அந்தப் பெண்ணின் அப்பா வேளச்சேரியிலிருந்து கத்தியது எனக்கே கேட்டது. கடைசி வரிசைக்குப் பெண் பக்கத்து சீட் விதியை எழுத நான் மறந்துவிட்டிருந்தேன். அக்கா அந்தப் பெண்ணுக்கு வேறு சீட் மாற்றிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் பையைக் கீழே வைத்தேன்.

ஐந்து ஐம்பதுக்குத் திருத்தி முடித்தேன். அக்கா அதற்குள் நூற்றி நாற்பதாவது சோதனையை எழுதிச் சேர்த்திருந்தார். மூலைக் கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்தது. முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஆறேகாலுக்கு மூன்று செல்போன்களும் ஒன்றாகக் கத்தின.

'நூற்றி நாற்பதும் பாஸ். ராகு காலம், காத்திருக்கிறேன்.'

"இன்னாய்யா இது? திங்கக்கெழம சாயங்காலம் ஏது ராகு காலம்?" என்றார் முதலாளி.

அவர் கேட்டது நியாயம். திங்கட்கிழமை ராகு காலம் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை. சர்வரிடம் மணி என்ன என்று கேட்டேன். திங்கட்கிழமை, காலை ஏழு ஐம்பது என்றது.

புரிந்துவிட்டது. அமெரிக்காவில் அப்போதுதான் விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. அங்கே மணி நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால். அந்தப் புரோகிராம் நாலு மாதமாக அங்கே உட்கார்ந்துகொண்டு அந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து ராகு காலம் கணக்குப் போட்டிருக்கிறது. நம் பகல் முழுவதும் அதற்கு நடுராத்திரியும் விடியற்காலையும். அந்த நேரத்தில் ராகு காலமே கிடையாது, எனவே எதையும் அது தடுத்ததில்லை. செல்போனில் பழைய எஸ்.எம்.எஸ்.களைத் திறந்தேன். அக்கா பக்கத்தில் நின்று கிழமையையும் நேரத்தையும் வாய்விட்டுப் படித்தார். செவ்வாய், மூணே கால். வியாழன், ரெண்டு பத்து. வெள்ளி, பதினொண்ணு இருபது. இருபத்து மூன்று தடவை ஏற்றியதில் ஒன்பது தடவை அசல் அக்மார்க் ராகு காலம். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ராகு காலம் பார்க்கிற வரியை அழித்துவிட்டு ஏற்ற ஒரு நிமிஷம் போதும். ஆனால் பின்னால் முதலாளி நிற்கிறார். யாரும் கை வைக்கக் கூடாது என்பதுதான் லீவுக்கு நிபந்தனை. இப்போது நான் கை வைத்தால், இது ஆள் இல்லாமல் ஓடாது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்பது தடவை என்பதையும் சேர்த்து.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அக்டோபரில் நின்றுபோயிருந்த காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் காலடியில் இருந்த பையைப் பார்த்தார். லீவு போச்சு, இலை மறுபடியும் காலி என்று நினைத்தேன்.

"சர்வரு எங்க கீது?" என்றார்.

"அமெரிக்கால சார்."

"ஏத்துறது எங்க நடக்குது?"

"அங்கதான் சார்."

"அப்ப அந்த ஊரு ராகு காலம்தானய்யா பாக்கணும்? என் மச்சான் துபாய்ல வூடு மாறுனப்ப துபாய் டைம் பாத்துதான் பால் காய்ச்சுனான். நீ கரெக்டாத்தான் செஞ்சிகீற. நாந்தான் நம்மூரு டைம்னு நெனச்சிகினேன்." எழுந்துவிட்டார். "இப்ப அங்க ராகு காலமா? இருக்கட்டும். எப்ப முடியும்?"

"நம்ம டைம் ஏழரைக்கு சார்." கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "ஏழு மணிக்கு எனக்கு பஸ்."

"நீ இன்னாத்துக்கு இருக்கணும்? முடிஞ்சா தானா ஏத்தும்னுதான சொன்ன? அதுவரிக்கும் அந்த ஸ்பெஷல் பஸ்ஸுக்கு மட்டும் டிக்கெட் விக்காம மூடி வெக்கச் சொல்லு, அக்கா பாத்துக்கும். கெளம்பு."

நான் அசையவில்லை. தானாக ஏற்றும் என்று சொன்னது நான்தான். நாலு மாதமாகப் பெருமை அடித்துக்கொண்டதும் நான்தான். ஆனால் காத்திருந்து ஏற்றும் அந்தப் பகுதி இதுவரை ஒரு முறைகூட ஓடியதில்லை. ஏழரை வரை இருந்து ஒரு கண் பார்த்துவிட்டுப் போனால் தேவலை என்று மனசு அரித்தது. கல்யாணத்தன்றும் மனசு இதையேதான் சொன்னது. என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை, நானேதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அக்கா என் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டார். "போ தம்பி. புள்ள பொறக்கிறதை சோதிச்சுப் பார்த்து ஏத்த முடியாது."

முதலாளி தன் ஸ்கூட்டரில் என்னை உட்காரவைத்துக் கிளம்பினார். ஜி.எஸ்.டி. ரோடு பஸ்ஸும் காருமாக நின்றுகொண்டிருந்தது. ரயில் பாதை ஓரமாக எனக்குத் தெரியாத சந்துகளிலெல்லாம் புகுந்து, ஒரு வீட்டு வாசல் கோலத்தைச் சுற்றி வளைத்து, ஏழு அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது பெருங்களத்தூரில் இறக்கிவிட்டார். டிரைவரிடம் என்னைக் காட்டி, "நம்ம புள்ள, அப்பா ஆகப் போறான், பத்தரமா இட்டுகினு போ" என்றார். டிரைவர் என்னை உற்றுப் பார்த்தார். ஆள் இல்லாமல் ஓடுகிற கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தவர்தான் அவர்.

பஸ் ஊர்ந்து ஊர்ந்து கூடுவாஞ்சேரியைத் தொட்டபோது போன் அதிர்ந்தது. 'ராகு காலம் முடிந்தது. ஏற்றியாச்சு.' நேரம் ஏழு முப்பத்திரண்டு. நான் பார்க்காமலே அது செய்துவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. போனை அணைத்துப் பைக்குள் அடியில், துணிகளுக்குக் கீழே போட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது என் மனைவி வலியில் இரும்புக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "போன் எங்க?"

"பைக்குள்ள. ஆஃப்."

அதன் பிறகு கம்பியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்தாள். மத்தியானம் இரண்டே முக்காலுக்கு உள்ளே கூட்டிப் போனார்கள். கதவு மூடியது. நான் வெளியே நின்றேன், கையில் போன் இல்லாமல்.

எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். மணி மூன்றானது. செவ்வாய், மூன்று முதல் நாலரை. நானே டைப் அடித்த வரி. யாரிடமும் கேட்காமல், எந்தக் காலண்டரையும் பார்க்காமல் அது தானாக மனசில் ஓடியது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரைக்கு மேல் பிறக்கட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. அவள் இன்னும் ஒன்றரை மணி நேரம் வலி தாங்கட்டும் என்றா நினைக்கிறாய் என்று என் மேலேயே அருவருப்பு வந்தது. உடனே பிறந்துவிடட்டும் என்று வேண்டினேன். யாரிடம் வேண்டினேன் என்று தெரியாது.

மூன்று நாற்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நலம் என்று நர்ஸ் சொன்னாள். மாமியார் கையைக் கூப்பினார், பிறகு அவர் கண் கடிகாரத்துக்குப் போனது, பிறகு தரையைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு உள்ளே குத்தியது. நான் வராந்தாவின் கோடிக்குப் போய், துணிகளுக்கு அடியிலிருந்து போனை எடுத்து உயிர் கொடுத்து, முதலாளியைக் கூப்பிட்டேன்.

"பொண்ணு சார்."

"அடி சக்க! ரெண்டு பேரும் நல்லாகீறாங்களா?"

"நல்லா இருக்காங்க சார்."

"எத்தினி மணிக்கு?"

சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரக் கடையில் யாரோ குடத்தைத் தட்டுவது மட்டும் கேட்டது. அவருக்கும் அந்தப் பட்டியல் மனப்பாடம்.

"அங்க மணி இன்னா?" என்றார்.

"எங்க சார்?"

"சர்வருல."

கணக்குப் போட்டேன். "காலைல அஞ்சு பத்து சார்."

"செவ்வாக்கெழம காலைல அஞ்சு பத்துக்கு ராகு காலமா?"

"இல்ல சார்."

"அப்புறம் இன்னாய்யா? போ, போயி புள்ளயப் பாரு."

குழந்தை பிறந்தது பாளையங்கோட்டையில், அமெரிக்காவில் இல்லை. இதைவிட அபத்தமான ஆறுதலை யாரும் யாருக்கும் சொல்லியிருக்க முடியாது. வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டு விம்மி விம்மி அழுதேன். என் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது.

பத்து நாள் கழித்து ஆபீஸுக்கு அல்வாவோடு திரும்பினேன். முதலாளி பெருங்களத்தூர் போயிருந்தார். சுவரில் காலண்டர் அன்றைய தேதிக்குக் கிழிக்கப்பட்டிருந்தது. நான் இல்லாதபோது, அக்கா சேமித்த சின்னச் சின்னத் திருத்தங்களை மூலைக் கம்ப்யூட்டர் ஐந்து தடவை ஏற்றியிருந்தது. யாரும் கை வைக்கவில்லை. அக்கா அல்வாவைப் பிய்த்துக்கொண்டே அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிச் சொன்னார்.

"உன்னை விட்டுட்டு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாரு. ஏழரை வரைக்கும் உட்காரவே இல்ல. அந்த மூலைக் கம்ப்யூட்டர் முன்னால கையைக் கட்டிட்டு நின்னாரு. 'ஒம்போது தபா ராகு காலத்துல ஏத்திகீறோம், ஒம்போது தபா'ன்னு அதையே சொல்லிட்டிருந்தாரு. ஏறினதும் கற்பூரம் ஏத்தினாரு. எனக்கே பயமா போச்சு."

"அவர் மச்சான் துபாய்ல வீடு மாறினப்போ..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எந்த மச்சான்? அவருக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்ல. அவர் வீட்டம்மாவும் ஒத்தப் பொண்ணு. துபாய்ல அவருக்கு யாரு இருக்கா?"

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "இன்னாய்யா, வந்ததும் வராததுமா ஏத்திட்டியா?" என்று குரல் வந்தது. உள்ளே வந்து முதல் வேலையாகக் குழந்தை போட்டோவைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்துக்காக ஜன்னலருகே போய் வைத்துப் பார்த்தார்.

நான் துபாயைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்டதில்லை. அந்த ஆபீஸில் இன்னும் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். சர்வரின் கடிகாரத்தை நான் மாற்றவே இல்லை.